நேற்றைய தேதியில் நாற்பது பார் ஐஸ்

ரசீதில் இரவு 10.50 என்று அச்சாகியிருந்தது.
வெளியே காசிமேட்டில் விடியற்காலை நாலு இருபது.
தேசப்பன் தாளை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்,
பதினோரு நாள் உப்பு இன்னும் இமையில்.

"இன்னாபா, நேத்து தேதி போட்டுக்கீறே?
நேத்து பத்தேமுக்காலுக்கு
எண்ணூர் வெளிச்சமே எனக்குத் தெரியல.
என் பேர்ல எவன்பா வந்து ஐஸ் வாங்குனான்?"

நாற்பது பாரும் அதற்குள்
அரவை மெஷினுக்குள் போய்விட்டன.
தேதியை அடித்துப் பேனாவால் எழுதினேன்.
பக்கத்தில் கையெழுத்தும் கேட்டார். போட்டேன்.

லேப்டாப் ஒன்று. தவணை இன்னும் ஏழு பாக்கி.
அதற்குள்ளே விண்டோஸ் எனக்கு,
உபுண்டு ஹெப்சிபாவுக்கு.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
எங்கோ ஒரு நாட்டுக் கம்பெனியின் சர்வர்
ராத்திரியில் விழுந்தால்
எழுந்து உட்கார்ந்து தூக்கி நிறுத்துவது அவள் வேலை.
விழாத ராத்திரிக்கும் அரைச் சம்பளம் உண்டு.

ஆன் செய்ததும் கறுப்புத் திரை.
மேல் வரி அவளுடையது, கீழ் வரி என்னுடையது.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும்.
அம்புக்குறியைத் தட்ட மறந்து டீ வாங்கப் போனால்
அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப்
பாஸ்வேர்டு கேட்கும்.
கல்யாணமாகி ஆறு வருஷம்.
அது எனக்குத் தெரியாது.
கேட்கத் தோன்றியதும் இல்லை.

என் பக்கம் முழுக்க அவளுக்குத் தெரியும்:
ஐஸ் கடன், ஜிஎஸ்டி,
தம்பிக்குச் சொல்லாமல் கொடுத்த எட்டாயிரம்.
இங்கிருந்து பார்த்தால் அவள் பக்கம்
பெயரில்லாத ஒரு கட்டம், நூற்றிருபது ஜிபி.
ஒருநாள் கை தவறி அதைத் திறக்கப் பார்த்தேன்.
'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும். செய்யவா?'
வேண்டாம் என்ற பொத்தானுக்குப் போய்ச் சேர்வதற்குள்
எனக்கு வேர்த்துவிட்டது.

சொன்னபோது சிரித்தாள்.
"உன்னுது அதைவிட மோசம்.
ஷட்டவுன் பண்ணாலும் முழுசாத் தூங்காது,
ஒரு கண்ணைத் திறந்து வச்சிருக்கும்.
அதனால உன் பக்கத்தை நான் படிக்கலாம்,
ஒரு எழுத்து எழுத விடாது."
சொல்லிவிட்டு ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டாள்.
லேப்டாப்பைப் பற்றித்தான் சொன்னாள்.

ரசீது கதையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.
அவளுடையது கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறதாம்.
என்னுடையது அதையே
தண்டையார்பேட்டை நேரம் என்று நம்பி வாசிக்கிறதாம்.
பொய் சொன்னது யாருமில்லை,
ஐந்தரை மணி நேரம் மட்டும் காணோம்.
நெட் வந்தால் தானாகத் திருந்தும்.
ஃபேக்டரியில் நெட் வருவதும்
கொருக்குப்பேட்டை கேட் திறப்பதும் ஒன்று.

நின்றபடியே ஒரு வரி தட்டினாள்.
"அவ்ளோதான். இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சொல்லாமல் வைத்திருந்தேன், மூன்று மாதமாக.
தினமும் காலையில் கையால் மணியைத் திருத்திவிட்டுத்தான் பில் போடுவேன்.
அன்றைக்கு மறந்துபோனேன், அவ்வளவுதான்.
"தூங்கினியா?" என்று கேட்டால்
"நல்லாத் தூங்கினேன்" என்பாள், எந்த நாளும்.
மணி தப்பாக இருந்தால் அவள் விழித்திருந்த இரவு.
சரியாக இருந்தால் தூங்கிய இரவு.
அந்த நாட்களில் பகல் சாப்பாட்டுக்கு
நான் போன் செய்து எழுப்ப மாட்டேன்,
தப்பான மணி இருந்த நாட்களில்.

இப்போது எல்லா ரசீதிலும் இன்றைய தேதி.
தேசப்பன் பார்க்காமலே மடித்துப் பைக்குள் செருகுகிறார்.

கிளம்பும் முன் இருட்டில் பையைத் திறந்து
லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.
பார் பாராகத் தள்ளி மரத்துப்போன கை,
சிலநாள் ஒன்றும் சொல்லாது.
அப்போது குனிந்து
கன்னத்தை வைப்பேன்.